மோட்டார் சைக்கிளில் ஊற்றிய முதற்பலன்

எங்கே இருந்தாலும் என் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் அப்பாவுக்கு,

ஞானப்பூ எழுதுகிறேன். அம்மாவும் அண்ணனும் உறங்கிவிட்டார்கள். திரியைக் குறைத்து வைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழாமல் முதுகால் மறைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக வருகிறது.

உங்கள் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது அப்பா. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். நாளைக்கு அறுப்பின் பண்டிகை. விடியும் முன்னால் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அண்ணன் அதில் கோயிலுக்குப் போகிறான். காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் சொன்னீர்களே, "இது மறுபடியும் ஓடினா முதல் ஓட்டம் கோயிலுக்கு, உங்க அம்மையை ஏத்திட்டுப் போவணும்" என்று. அந்த வார்த்தைப்படிதான் எல்லாம் நடக்கிறது. நீங்கள் சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

நீங்கள் போனபோது அது வண்டியாகவா இருந்தது? கழற்றிப்போட்ட பாகங்கள் பாதி ஓலைக் கடவப் பெட்டியில், பாதி மண்ணெண்ணெய் டின்னில். மழைக்காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் இறக்கிய சாய்ப்பில் துருப்பிடித்துக் கிடந்தது. சீமைக்குத் திரும்பிப் போன துரை உடைசலைக் கம்பவுண்டர் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்று எஸ்டேட்டில் எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்தார்களே, அவர்களேதான் இப்போது சாய்ப்பு வாசலில் வந்து நிற்கிறார்கள். வெடிவண்டி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அண்ணன் எப்படி வேலை செய்தான் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் புகைக்கூடத்தில் வேலை முடிந்து வந்தால் கைகால் கழுவமாட்டான், நேரே சாய்ப்புக்குத்தான். துரு இருந்த இடமெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் பொடியும் சிரட்டையும் வைத்துத் தேய்த்தான். வண்டியின் பித்தளை விளக்கை அம்மா புளி போட்டுத் துலக்கினாள். பெட்ரோல் தொட்டியில் ஓட்டை விழுந்த இடத்தை ஈயம் உருக்கி அடைத்தான். எண்ணெய்ப் பம்புக்கு உள்ளே போடுகிற தோல் வளையத்தை உங்கள் பழைய செருப்பிலிருந்து வெட்டினான். வெட்டும்போது ஒரு நிமிஷம் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். பிறகு வந்து வெட்டினான்.

அம்மா உட்கார்வதற்குப் பலாப்பலகையில் ஒரு இருக்கை. அதற்குமேல் தேங்காய்ச் சகரிநார் வைத்துத் தைத்தது நான். கால் வைக்க ஒரு இரும்புப் படி. இதெல்லாம் நல்ல வேலை அப்பா. குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் இரண்டு காரியங்களை அவன் மாற்றிவிட்டான்.

ஒன்று பட்டை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற அந்தத் தோல்பட்டை ஏற்றத்தில் வழுக்குகிறது என்று கழற்றிவிட்டான். பழைய ரப்பர் ஷீட் உருட்டும் மெஷினிலிருந்து ஒரு சங்கிலி கிடைத்தது. கொல்லனிடம் பல்சக்கரம் அடித்துவாங்கி மாட்டினான். "அம்மையையும் ஏத்திட்டு அணை ஏத்தம் ஏறணும்லாட்டி" என்றான்.

எனக்கு உடனே அந்தப் பழைய நாள் ஓர்மை வந்தது. துரையிடமிருந்து வாங்கிக் கொண்டுவந்து முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது என்னை முன்னால் பெட்ரோல் தொட்டியின்மேல் உட்காரவைத்தீர்கள். ஓட்டுகிறவர் அவ்வப்போது கையால் பம்பை அழுத்தினால்தான் எண்ணெய் எஞ்சினுக்குள் போகும். நீங்கள் என்னோடு பேசிக்கொண்டே அதை மறந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வளைவில் எஞ்சின் கிரீச்சென்று இறுகி நின்றுவிட்டது. பட்டை வழுக்கி, தோல் கருகிப் புகை வந்து, வண்டி பையப் பைய உருண்டு புல்லில் போய் நின்றது. நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"பட்டை வழுக்குனதுனால பொழச்சோம் மக்கா. எஞ்சின் செத்தாலும் சக்கரம் ஓடிச்சு பாத்தியா."

சங்கிலி வழுக்காதே அப்பா. எஞ்சின் பிடித்தால் சக்கரமும் அந்த இடத்திலேயே பிடிக்குமே. நான் அண்ணனிடம் கேட்டேன். "எண்ணெய் போயிட்டே இருந்தா எஞ்சின் எதுக்குட்டி பிடிக்குது?" என்றான். அதுவும் சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவது, எண்ணெய்.

எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே முழுக்க மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது. "அப்பா ஊத்துன ஆமணக்கெண்ணெய பாரு, பலாச்சக்கைப் பிசின் கணக்கா கெடக்கு" என்று அண்ணன் காட்டினான். மூங்கில் சீவலை வைத்துச் சுரண்டிச் சுரண்டி அவன் விரல்நகம் எல்லாம் கறுத்துப்போயிற்று. இனி அந்த எண்ணெய் இந்த வண்டிக்கு ஆகாது என்று மிச்சம் இருந்ததை எருக்குழியில் கொட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் கிணற்றடித் தென்னை காய்த்தது. நீங்கள் நட்ட மரம். முதல் காய்ப்பு. முதலில் விளைந்தது எதுவானாலும், சேவலோ வாழைக்குலையோ, கோயிலுக்குப் போகாமல் நம் வீட்டில் வாயில் வைக்கமாட்டோம் அல்லவா? அம்மா அந்தத் தேங்காய் ஒன்றைக்கூடக் கறிக்கு உடைக்கவில்லை. கொப்பரை காயப்போட்டு, செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டி, பாதியைக் கோயில் விளக்குக்கு என்று எடுத்துவைத்தாள். மறுபாதியைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"முதல் ஓட்டமும் ஆண்டவருக்குத்தான, மக்கா. அதுக்கு முதல் எண்ணெய ஊத்து. உங்க அப்பா நட்டது."

அண்ணன் விரலில் தொட்டுப் பார்த்தான். "கொள்ளாம். தண்ணி மாதிரி இருக்கு. பிசினும் பிடிக்காது" என்றான். அம்மா கண்ணை மூடி ஜெபம்பண்ணி, தன் கையாலேயே எண்ணெய்த் தொட்டியில் ஊற்றினாள். அவள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்ல? நீங்கள் போன பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

எஸ்டேட்டுக்குள் சும்மா ஓட்டிப் பார்த்ததெல்லாம் மத்தியானம். வெயிலில் வண்டி அழகாக ஓடியது. தேங்காய் எண்ணெய் புகைவது எஸ்டேட் வாசல் வரைக்கும் பலகாரம் சுடுகிற மாதிரி மணத்தது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தது என் தலையெண்ணெய்க் குப்பியில். மார்கழி பிறந்ததும் இந்த மலையடிவாரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு இருட்டோடு எழுந்து தலைவாருவேன். ஜன்னலில் இருக்கிற குப்பியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெள்ளையாகக் கட்டிப்போயிருக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கித்தான் தேய்ப்பேன். வருஷா வருஷம் செய்கிற வேலை. ஒருநாள் அப்படித்தான் குப்பியை அடுப்பருகில் கொண்டுபோனேன். சாய்ப்பிலிருந்து அண்ணன் வண்டியோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. பம்புப் பிடி கீழே இறங்கவில்லை. இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தான்.

"தோல் வளையம் புதுசுல்லா, இறுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்க வந்துவிட்டான். வெயில் ஏறிய பிறகு போய் அழுத்தினான். இறங்கியது. "பாத்தியா, பழகிட்டு" என்றான்.

நான் கையில் குப்பியோடு நின்றிருந்தேன் அப்பா. இரண்டும் தேங்காய் எண்ணெய்தானே.

அன்றைக்கே சொன்னேன். குப்பியைக் காட்டியே சொன்னேன்.

"அண்ணா, தொட்டியிலயும் இப்பிடித்தான் கட்டியிருக்கும். குழாய் வழியா எப்பிடிப் போவும்?"

"எஞ்சின் கொதிக்கும்லா. உருகிரும்."

"எஞ்சினுக்குள்ள போனாத்தான உருகும்? போறதுக்குக் குழாய் இருக்கே, அது வெளியில பனியிலதான இருக்கு."

"ஏட்டி, நீ பள்ளிக்கூடத்துல படிக்கது போதும். எனக்குப் பாடம் நடத்தாண்டாம்."

வெயில் வந்த பிறகு போகலாமே என்று அம்மாவிடம் கெஞ்சினேன். பண்டிகையன்று முதல் மணி அடிக்கும்போது கோயில் வாசலில் முதலில் நிற்கவேண்டும், மாட்டுவண்டிகள் எல்லாம் வந்து நிறைந்த பிறகு போய்ச் சேர்ந்தால் அது என்ன முதற்பலன் என்று அம்மா கேட்டாள். எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "உங்க அப்பா நட்ட மரத்து எண்ணெயிலயா குத்தம் கண்டுபிடிக்க?" என்றாள். நீங்களாவது சொல்லுங்கள், நான் மரத்தையா குற்றம் சொன்னேன்?

உபதேசியாரிடம் போனேன். வாழைக்குலைகளை எங்கே தொங்கவிடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "பிள்ளே, காணிக்கையில குறை பாக்கப்படாது. வீட்டுக்குப் போய் ஜெபம்பண்ணு" என்றார். ஜெபம்பண்ணினேன் அப்பா. முழங்கால் மரத்துப்போகிற வரைக்கும் பண்ணினேன். எழுந்து பார்த்தபோதும் குப்பி வெள்ளையாகத்தான் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு புதுக் கம்பவுண்டர். ஆமணக்கெண்ணெய் வேண்டும் என்றேன்.

"ஆருக்கு வயித்துக்கட்டு?"

"ஆருக்கும் இல்ல. மோட்டார் சைக்கிளுக்கு."

மனுஷர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதுக்கு எத்தன நாளா போவல?" என்று கேட்டார். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். சிரித்தாலும் மோசமானவர் இல்லை. குழந்தைக்குப் புகட்டுகிற அளவில் ஒரு சின்னக் குப்பி கொடுத்தார். அது தொட்டியின் அடியை நனைக்கவும் காணாது.

ஒருநாள் எஞ்சினில் பொறி விழுகிற பிளக்கைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அண்ணன் துரை விட்டுப்போன டப்பாவிலிருந்து வேறொன்று எடுத்து மாட்டிவிட்டான். அம்மா அரிசி அளக்கும்போது அது கையில் தட்டுப்பட்டது. அவள் அடிக்கவில்லை. அதைத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்து, என் முன்னால் வைத்தாள். "உனக்கு உங்க அப்பா மேல அவ்வளவுதானா மக்களே?" என்றாள். அடித்திருக்கலாம்.

இன்று மத்தியானம் கடைசியாக ஒருதரம் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். அணையிலிருந்து கோயிலுக்கு இறங்குகிற பாதையை நினைத்துப் பாருங்கள் அப்பா. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். அந்த நேரத்தில் பனி கண்ணை மறைக்கும். இறக்கத்தில் போகும்போது எஞ்சின் பிடித்தால் என்ன செய்வாய், அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாளே, எதைப் பிடித்துக்கொள்வாள் என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. இப்போது புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

"அம்மா, இஞ்ச வா" என்று கூப்பிட்டான். "இவளுக்கு விஷயம் வேற. அப்பா மொதல்ல இவளத்தான ஏத்திட்டுப் போனாரு. இப்பம் உன்னை மட்டும் கூட்டிட்டுப் போறேன்னு இவளுக்குப் பொறுக்கல."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அதுக்கா பிள்ளே இந்தப் பாடு படுத்துன?" என்று என் தலையைத் தடவினாள்.

"செரி, நீயும் முன்னால தொட்டி மேல ஏறி இரு. ஆனா வாயத் தொறக்கப்படாது, கேட்டியா" என்றான் அண்ணன்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு நம் வீட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். சரி என்று தலையாட்டினேன். இப்போது மூன்று பேரும் போகிறோம்.

அப்பா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் சொன்ன சொல்லை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா? அம்மா உங்கள் சொல்லைத் தவிர வேறு எதையும் கேட்கமாட்டாள். விடிவதற்குள் அவள் சொப்பனத்தில் வாருங்கள். கோபமாக வரவேண்டாம், பயந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த வெள்ளைச் சட்டையோடு வந்து, "வெயில் வரட்டும்டி, பைய போலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். போதும். உங்களால் முடியுமா? அங்கேயிருந்து வருவதற்கு யாரிடமாவது உத்தரவு கேட்கவேண்டுமா?

இதை எழுதிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல உறக்கம். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பண்டிகைச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

நீங்கள் வராவிட்டால் நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் அண்ணன் குளிக்கப் போனபோது எண்ணெய்த் தொட்டியின் அடித்திருகைத் திறந்து எண்ணெய் முழுவதையும் உங்கள் பழைய மருந்துக் குப்பிகளில் பிடித்துவிட்டேன். கம்பவுண்டர் கொடுத்ததையும் அதில் கலந்துவிட்டேன். முதலில் அடுப்புக் கனலைச் சட்டியில் எடுத்துப்போய் வண்டிக்கு அடியில் வைக்கலாமா என்று யோசித்தேன். பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பைக் கொண்டுவந்தால் கையை ஒடிப்பேன் என்று நீங்கள் சொன்னது நினைவு வந்தது. வைக்கவில்லை. நீங்கள் சொன்னதை நானும் கேட்கிறேன், பாருங்கள்.

இப்போது அந்தக் குப்பிகள் என் போர்வைக்குள், வயிற்றோடு அணைத்தபடி இருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன். உறையவில்லை. தண்ணீர் மாதிரி ஆடுகிறது. அண்ணன் எழும்பும் முன்னால் போய்த் தொட்டியில் ஊற்றிவிடுவேன். ஆனால் பனிக்காற்றில் வண்டி ஓட ஓட அந்தக் குழாய் மறுபடியும் குளிர்ந்துவிடுமே. விரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய். நான் உட்காரும் இடத்துக்குக் கீழே, வலதுகை எட்டுகிற தூரத்தில்தான் அது போகிறது. இன்று இரண்டுதரம் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அண்ணன் ஆசை என்று நினைத்துச் சிரித்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை அப்பா. என் கைச்சூடு போதுமா என்றும் தெரியவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் அடித்தபோது ஈரத்துணி போட்டுப் போட்டு என் கை எப்போதும் சில்லென்று இருக்கும். அப்போது அது நல்லதாக இருந்தது. இப்போது போர்வைக்குள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கப் பார்க்கிறேன்.

பயமாக இருக்கிறது. வண்டியில் ஏறவே பயமாக இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு இதை உறுதியாகச் சொல்கிறேன். நாளை அணை இறக்கம் தாண்டி, கோயில் மணி கேட்டு, அம்மா தரையில் கால் வைக்கும் வரைக்கும் அந்தக் குழாயைப் பொத்திய கையை எடுக்கமாட்டேன். சுட்டாலும் எடுக்கமாட்டேன். அண்ணன் திட்டினாலும் எடுக்கமாட்டேன்.

முன்பு உங்களோடு தொட்டிமேல் உட்கார்ந்து வந்த,
உங்கள் கடைக்குட்டி
ஞானப்பூ